நடு வேகாத சோறு: நுவரெலியாவில் ஒரு சுஷி இரவு

மாமாவுக்கு 2024 டிசெம்பரில் அறுபது வயது நிறைந்தது. அன்று இரவு அவரை நுவரெலியாவில் உள்ள ஒரு ஜப்பானிய உணவகத்துக்குக் கூட்டிப் போனோம். மாமா, மாமி, அம்மா, தம்பி, நான் என்று ஐந்து பேர். மூன்று மாதம் முன்பே பேசிவைத்து, தம்பியும் நானும் காசு சேர்த்துவைத்துப் போன இடம். சாப்பாடு சரியில்லை.

ஹோட்டல் வேலைக்குப் பயிலும் பிள்ளைகளுக்கு நான் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் கட்டாரில் ஆறு வருடம் ஹோட்டல் சமையலறையில் நின்றேன், அதில் இரண்டு வருடம் சுஷி என்கிற ஜப்பானியச் சோற்றுப் பண்டம் செய்யும் மேசையில். ஒரு தட்டு ஏன் சரியில்லாமல் போனது, எந்த இடத்தில் பிசகியது என்று பிரித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. அதனால் இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கினேன். உணவகத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே பரிமாறுகிறவர்களில் பலர் நம்முடைய தோட்டங்களிலிருந்து போன பிள்ளைகள். பெயர் வெளியே வந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

யாருக்காகப் போனோம்

தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் நடந்த காலத்தில், ஜப்பானியப் பொறியியலாளர்கள் தங்கியிருந்த முகாமின் குசினியில் மாமா வேலை செய்தார். ஜப்பானின் கடனுதவியில் கட்டி, 2012 இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய 150 மெகாவாற் திட்டம் அது. மரக்கறி வெட்டுவது, பாத்திரம் கழுவுவது என்று சேர்ந்தவரை அங்கிருந்த ஜப்பானிய சமையல்காரர் மெல்ல மெல்லச் சோற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டார். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும், தேய்த்து உடைக்கக் கூடாது. ஊறவைக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு மூடியைத் தொடவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் திட்டு விழும். இந்தக் கதைகளை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

சுஷியை மாமா அந்த முகாமில் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். இரண்டும் பெரிய ஆட்கள் வந்தபோது செய்தவை. "விருந்தாளிக்குச் செஞ்சத நாம எப்படிக் கேக்கிறது" என்பார். சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டு அவர் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தட்டில் என்னென்ன இருந்தது, எந்த வரிசையில் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார். அதற்காகத்தான் போனோம்.

தட்டில் இருந்தது

இடம் அழகாக இருந்தது. மரத் தடுப்புகள், காகித விளக்குகள், சாம்பல் நிறக் கல் தட்டுகள். வாசலில் குளிர் பத்துப் பாகைக்கு வந்திருந்தது, உள்ளே கதகதப்பு. நிகிரி என்கிற, கைப்பிடிச் சோற்றின்மேல் மீன் துண்டு வைத்த வகையில் பெரிய தட்டு இரண்டு, கடற்பாசித் தாளில் சுருட்டிய மக்கி ஒரு தட்டு, ஐந்து கிண்ணம் மிசோ என்கிற சோயாப் பசை சூப், அம்மாவுக்கு மாவில் தோய்த்துப் பொரித்த மரக்கறி டெம்புரா. ஆரஞ்சு நிற மீனைப் பார்த்து அம்மா "இது டின் மீனு தானே?" என்று கேட்டார். டின்னில் வருவது வேறு மீன், இது நோர்வே பக்கத்துச் சால்மன் என்று தம்பி விளக்கினான்.

மாமா குச்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையால் எடுத்தார். நிகிரியைக் கையால் எடுப்பது ஜப்பானிலும் முறைதான். சோயா சோஸ் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோகும்போதே அது இரண்டாக உடைந்து, பாதிச் சோறு கிண்ணத்தில் விழுந்தது. அவர் முகம் சுண்டிப்போனது, தன் கைப்பிழை என்று நினைத்துவிட்டார். அடுத்ததை நான் எடுத்தேன். அதுவும் உதிர்ந்தது.

சோறு ஜில்லென்று இருந்தது. ஒரு பருக்கையை எடுத்து நகத்தால் நசுக்கினேன். ஓரம் மசிந்தது, நடுவில் சுண்ணாம்புத்தூள் போல ஒரு வெள்ளைப் புள்ளி நசுங்காமல் நின்றது. மீனுக்கு அடியில் தண்ணீர் கோர்த்திருந்தது. கெலவல்லா என்கிற சூரை மீன் துண்டின் நடுவில் ஐஸ் இன்னும் முழுதாக இளகவில்லை, பல்லில் நெறுநெறுத்தது. வசாபி என்கிற காரப் பசையின் ஓரம் காய்ந்து வெடித்திருந்தது. சால்மன் பரவாயில்லை, ஊறுகாய் இஞ்சி நன்றாகவே இருந்தது, டெம்புராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாமா ரொம்ப நேரம் மென்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா சோறு நடு வேகல" என்றார்.

பரிமாறிய பையனுக்கு இருபது வயது இருக்கும். அது அவன் காதிலும் விழுந்துவிட்டது. "ஐயா, வேற கொண்டு வரவா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனான். திரும்பி வந்தவர் முகாமையாளர். மரியாதையாகத்தான் பேசினார். அசல் ஜப்பானிய சுஷி இப்படித்தான் இருக்கும், பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் தடவை அப்படித் தெரியும் என்றார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். சோற்றை மிச்சம் வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஜப்பானியர் கையால் சோறாக்கப் பழகிய ஒரு மனிதரிடம், உனக்கு இது தெரியாது என்று சொல்லப்பட்டது. அந்த இரவில் எனக்கு ஆறாமல் நிற்பது அதுதான்.

பில் 32,000 ரூபாய். அதன்மேல் பத்து வீத சேவைக் கட்டணம், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 18 வீத வற் வரி. எல்லாம் சேர்ந்து 42,500 ஐத் தாண்டியது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறவர், மனக்கணக்கில் கெட்டிக்காரி. வான் வண்டியில் ஏறியதும், "முப்பத்தொரு பேரு" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. ஒரு மாதம் ஒரு நாள்கூட விடாமல் மலையேறினால் போடுகிற பேர்.

இரண்டாவது தடவை

ஒரே இரவை வைத்து முடிவுக்கு வருவது நியாயமில்லை. விசேஷ நாட்களை ஒட்டிய வெள்ளிக்கிழமை, கூட்டம் நிறைய, குசினி திணறியிருக்கலாம். மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம் நான் மட்டும் போனேன். என்னோடு இரண்டே மேசைதான். எட்டு நிகிரி கேட்டேன்.

சோறு இந்தத் தடவை இளஞ்சூடாக இருந்தது, கையில் உதிரவில்லை. ஆனால் நடுவில் அதே வெள்ளைப் புள்ளி. இது எனக்கு முக்கியமான தடயம். முதல் இரவில் ஒரே பிழையாகத் தெரிந்தது இரண்டு பிழை என்று புரிந்தது. ஒன்று வேகும்போது நடக்கிறது, அது மதியத்திலும் இருக்கிறது. மற்றது வெந்த பிறகு நடக்கிறது, அது இரவில் மட்டும் வருகிறது.

மீன் எப்போது வந்தது என்று கேட்டேன். "இன்னைக்கு வந்தது மெடம்" என்று உடனே பதில் வந்தது. எந்தத் துறையிலிருந்து என்றேன். அதற்குப் பதில் இல்லை.

அங்கே வேலை செய்யும் ஒருவரோடு பிறகு பேசக் கிடைத்தது. அவர் ஆணா பெண்ணா, எந்தத் தோட்டம் என்றுகூட எழுதமாட்டேன். மீன் லொறி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும், எந்த நாளில் யார் கேட்டாலும் 'இன்றைக்கு வந்தது' என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மதியம் ஆக்குகிற சோறு மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய் இரவில் வெளியே வரும். கடைசியாக நான் கேட்டது, நீங்கள் சுஷி சாப்பிட்டிருக்கிறீர்களா என்று. இல்லை. ஒரு துண்டுகூட இல்லை. ஒன்றரை வருடமாக அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

சோறு எங்கே பிசகியது

சுஷி என்றால் பச்சை மீன் என்று இங்கே பலரும் நினைக்கிறோம். அந்தப் பெயர் வினாகிரி சேர்த்த சோற்றுக்கு உரியது. மீன் இல்லாமல் சுஷி உண்டு, அந்தச் சோறு இல்லாமல் கிடையாது. குட்டை அரிசியை வேகவைத்து, வினாகிரியும் சீனியும் உப்பும் கலந்த கரைசலை, சூடு இருக்கும்போதே, மரத்தொட்டியில் போட்டுக் கிண்டாமல் அகப்பையால் வெட்டி வெட்டிக் கலக்க வேண்டும். நாங்கள் கட்டாரில் ஒரு கிலோ அரிசிக்கு 150 மில்லி லீற்றர் அளவில் வினாகிரி சேர்ப்போம். பரிமாறும்போது சோறு நம் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். நம் சம்பா அரிசி பார்வைக்குக் குட்டையாக இருந்தாலும் இதற்கு ஒத்துவராது, வெந்தால் தனித்தனியாகப் பிரிகிற குணம் அதற்கு. அந்த உணவகம் சரியான அரிசியைத்தான் வாங்கியிருந்தது. காசு அங்கே மிச்சம் பிடிக்கப்படவில்லை.

பிழை நெருப்பில். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 94 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பருப்பு இங்கே வேக நேரமெடுப்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். மின்சாரச் சோற்றுப் பானை தண்ணீர் வற்றி அடிச்சூடு ஏறியதும் தானாக நின்றுவிடும். அரிசிப் பையில் அச்சிட்டிருக்கிற தண்ணீர் அளவு தாழ்நிலத்துக்கு ஏற்றது. அதே அளவை இங்கே ஊற்றினால், நடு வேகும் முன்பே தண்ணீர் தீர்ந்து பானை நின்றுபோகும். மதியத்தில் நான் பார்த்த வெள்ளைப் புள்ளி அதுதான்.

இரவில் சேர்ந்துகொண்டது குளிர்சாதனப் பெட்டி. வெந்த சோற்றின் மாப்பொருள் ஆறும்போது திரும்பவும் இறுகும், அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது பெட்டிக்குள் இருக்கிற நாலைந்து பாகைக் குளிரில். பழைய சோறு கெட்டியாவதும் இதனால்தான். ஒட்டும் தன்மை போன சோற்றை எப்படிப் பிடித்தாலும் நிகிரி உதிரும். வினாகிரி சேர்ந்த சோறு சில மணித்தியாலம் மூடி வெளியே இருக்கலாம், புளிப்பு அதைக் காக்கும். இரவுக்குத் தனியாக ஒரு பானை வைக்க அரிசிச் செலவு சில நூறு ரூபாய். 42,500 ரூபாய் வாங்குகிற இடத்தில் அந்த ஒரு பானை வைக்கப்படவில்லை.

மீன் ஏறி வரும் வழி

இலங்கைக் கடலில் நல்ல கெலவல்லா கிடைக்கிறது, ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் விமானத்தில் போகிற மீன் அது. கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஐந்தாறு மணித்தியாலம். வழியில் குளிர் விட்டுப்போனால் சூரை இனத்து மீனில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு கூடும். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, வாய் எரியும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. ஆகவே உறையவைத்துக் கொண்டுவருவதை நான் குறையே சொல்லமாட்டேன். பச்சையாகச் சாப்பிடும் பல மீன்களை உறையவைத்தே ஆக வேண்டும். புழுக்கள் சாக −20 பாகையில் ஏழு நாள் வைக்கச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டல், பெரிய சூரை வகைகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஜப்பானில் உயர்ந்த சூரையை −60 பாகையில் வைக்கிறார்கள். நம் ஹோட்டல்களில் இருப்பது −18 பாகைப் பெட்டி. அதில் மெதுவாக உறையும்போது பெரிய பெரிய ஐஸ் படிகம் கட்டிச் சதையைக் கிழிக்கும், இளகும்போது தண்ணீராக வழியும். நடுவில் ஐஸ் இருந்தது அவசரமாக இளக்கியதால். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருந்தால் போதும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். கார்பன் மொனொக்சைட் வாயு ஏற்றிய சூரை நாட்கணக்கில் தர்ப்பூசணிச் சிவப்பாகவே நிற்கும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதற்குத் தடை இருப்பது அதனால்தான்.

இவ்வளவு சிரமப்பட்டு மலைமேல் பச்சை மீன்தான் வைக்க வேண்டுமா என்று எனக்குள் ஒரு கேள்வி உண்டு. நிகிரியைப் பிரபலப்படுத்தியவர் என்று சொல்லப்படும் ஹனாயா யோஹெய் எதோவில், இன்றைய தோக்கியோவில், 1820 களில் விற்றபோது ஐஸ் கிடையாது. மீனை வினாகிரியில் ஊறவைத்தார்கள், சோயாவில் தோய்த்தார்கள், வேகவைத்தார்கள். கியோத்தோ நகரம் கடலிலிருந்து உள்ளே தள்ளி, மலை சூழ்ந்து கிடக்கிறது. வகாசா கரையில் பிடிக்கிற கும்பளா மீனுக்கு உப்பிட்டு, 70 கிலோமீற்றருக்குமேல் மலைப்பாதையில் தோளில் சுமந்து வருவார்கள். வந்து சேரும்போது உப்பு சரியாகப் பிடித்திருக்கும். அதை வைத்துச் செய்கிற சபா சுஷிதான் இன்றைக்கும் கியோத்தோவின் பெருமை. அந்தப் பாதைக்கே கும்பளாப் பாதை என்று பெயர்.

இதைப் படித்தபோது எனக்கு நம் லயத்துக் கூரையில் காயும் கருவாட்டுக் கூடைதான் ஞாபகம் வந்தது. கடலைக் காணாத மலைச்சனம் கடல்மீனை உப்பில்தான் அறிந்தது, இங்கேயும் அங்கேயும். நுவரெலியாவில் ஒரு சுஷிக் கடை கியோத்தோவைப் பார்த்துப் பழகலாம். உப்பும் வினாகிரியும் பிடித்த கும்பளா, முட்டைப் பொரியல், நம் கரட், வெள்ளரி, அவகாடோ. பச்சை மீன் லொறி வருகிற நாளில் மட்டும், வந்த நாளைப் பலகையில் எழுதிவைத்து.

மூன்று பானை

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாமாவை எங்கள் பயிற்சிக் குசினிக்கு வரச்சொன்னேன். பிள்ளைகள் பதினொரு பேர் இருந்தார்கள். முதலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியை விட்டோம், 94 ஐத் தொடவில்லை. ஒரே அரிசி, மூன்று பானை. ஒன்றில் பையில் சொன்ன அளவு. இரண்டாவதில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, எட்டில் ஒரு பங்கு தண்ணீர் கூட்டி, பானை நின்ற பிறகு இருபத்தைந்து நிமிடம் மூடியோடு விட்டோம். மூன்றாவது பிரஷர் குக்கர். அதற்குள் சூடு 110 ஐத் தாண்டும்.

எது எந்தப் பானை என்று சொல்லாமல் எல்லோருக்கும் கொடுத்தோம். முதலாவதில் வெள்ளைப் புள்ளி, அச்சாக அதேதான். குக்கர் சோறு நடுவரை வெந்திருந்தது, ஆனால் கொஞ்சம் குழைந்து கையில் அப்பியது. பதினொரு பேரில் ஒன்பது பேர் இரண்டாவதைத் தெரிவுசெய்தார்கள். முதல் பானையில் ஒரு கிண்ணம் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரவு எடுத்துப் பிடித்துப் பார்த்தோம். உணவகத்தில் உதிர்ந்தது போலவே உதிர்ந்தது.

இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி உணவகத்துக்கு அனுப்பினேன். காசைத் திரும்பக் கேட்கவில்லை. மூன்று விஷயம் கேட்டேன். இரவுச் சோற்றைத் தனியாக ஆக்குங்கள், மீன் வந்த நாளைச் சொல்லுங்கள், பரிமாறுகிற பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தடவையாவது அந்தத் தட்டைச் சாப்பிடக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு கூப்பன் வந்தது, அடுத்த வருகைக்கு 20 வீதக் கழிவு. சோற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. கூப்பனைத் திருப்பி அனுப்பிவிட்டு அதே கேள்விகளை மறுபடி எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லித் தம்பி நிற்கிறான். வேகாத சோற்றுக்காக நான் அழைக்கமாட்டேன். வராத மீனை வந்தது என்று சொல்வது வேறு விஷயம், அதற்கு அழைக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. என்னிடம் விவரம் சொன்ன அந்தப் பிள்ளையின் வேலை போய்விடக் கூடாதே என்ற ஒரே பயத்தில் நிற்கிறேன்.

பெப்ரவரியில் மாமா மறுபடி வந்தார். −20 பாகையில் ஏழு நாள் வைத்த கும்பளாவை இளக்கி, உப்பிட்டு, வினாகிரியில் ஊறவைத்திருந்தோம். புழுவுக்கு வினாகிரி போதாது என்பதால் அந்த ஏழு நாளை விடவில்லை. சோறு இரண்டாவது பானை முறையில். ஒரு பிள்ளை பிடித்த நிகிரியைக் கல் தட்டில் வைக்காமல், வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினாள். மாமா கையால் எடுத்தார். உடையவில்லை. கண்ணை மூடி மென்றார், விழுங்கினார், இன்னொன்று கேட்டார். அதையும் முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நடு வெந்திருக்கு புள்ள. மூடிய எத்தன நிமிசம் தொறக்காம வச்சீங்க?"

இருபத்தைந்து என்றேன்.

"இன்னும் அஞ்சு விடலாம்" என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அரிசி கழுவ எழுந்தார்.